வெட்டி நாயம்

பத்து நாளாக எங்கள் கிணற்று மோட்டார் தன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பகலில் த்ரீ பேஸ் கரண்ட் இருக்கிற நேரத்தில், யாரும் போடாமலே திடுதிப்பென்று ஓட ஆரம்பிக்கும். மஞ்சள் காட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. எலெக்ட்ரீஷியன் வந்து ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தார், ரிலேயை மாற்றினார், ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் ஓடியது. "கெணத்து மேட்டு முனிக்கு கெடா வெட்டி ஏழு வருசமாச்சுடா, அதான்" என்றார் பெரிய மாமா.

எங்கள் மோட்டாரில் இருப்பது செல் ஸ்டார்ட்டர். பட்டணத்தில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டில் படுத்துக்கொண்டே அந்த நம்பருக்கு போன் போட்டால் மோட்டார் ஓடும், திரும்பப் போட்டால் நிற்கும். இப்போது வருகிற மாடலெல்லாம் நாம் பதிந்து வைத்த நம்பருக்கு மட்டும்தான் மசியும். எங்களுடையது பழசு. யார் கூப்பிட்டாலும் எடுத்துக்கொள்ளும்.

ட்ரோன் ஓட்டுகிற தம்பிதான் கடைசியில் கண்டுபிடித்தான். சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பதினொன்றரைக்கு மணி அடித்தது.

"வணக்கம் சார், உங்களுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் பர்சனல் லோன் ரெடியா இருக்குங்க சார்."

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் மேடையில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. "உம்பட மோட்டாரு எத்தனை ஹெச்.பி.?" என்று கேட்டார் மாமா. அஞ்சு என்றேன். "அஞ்சு ஹெச்.பி.க்கு அஞ்சு லட்சம்னா என்றது ஏழரை. ஏழரை லட்சம் குடுப்பானா கேளு." வாத்தியாருக்கு வேறு கவலை. மோட்டார் கடனைக் கட்டவில்லை என்றால் ஜப்திக்கு எதை எடுத்துக்கொண்டு போவார்கள், கிணற்றையா? இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பொங்கல் லீவுக்கு வந்திருந்த அக்கா மகனும் கூட உட்கார்ந்திருந்தான். சென்னையில் ஐ.டி. வேலை. நல்ல பையன், அவனும் சிரித்தான். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டான்: "மாமா, இவ்ளோ நேரம் பேசுனீங்களே, கடைசியில என்ன முடிவு பண்ணீங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தபிறகுதான் வரிசையாகத் தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனும் இதைப் படிப்பான்.

முதலில் அந்த வார்த்தை. எங்கள் பக்கம், கோபிக்கும் கவுந்தப்பாடிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில், அரட்டைக்கு 'நாயம்' என்று பேர். "ரண்டு பேரும் நாயம் பேசிட்டு நிக்கறாங்க" என்றால் வழக்குத் தீர்க்கிறார்கள் என்று அர்த்தமில்லை; கதையடிக்கிறார்கள். நியாயம் என்கிற அதே சொல்தான் இப்படித் தேய்ந்தது என்று வாத்தியார் சொல்வார். பஞ்சாயத்துக்கும் நாயம், பொழுதுபோக்குக்கும் நாயம். ஒரே மேடையில், அதே ஆட்கள், இரண்டையும் பேசியதால் அப்படி ஆகியிருக்கலாம் என்பது என் யோசனை.

எங்கள் மேடை மாரியம்மன் கோயிலுக்கு முன்னால், வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய கல்மேடை. ஆறரைக்கு மேல் ஒவ்வொருவராக வருவார்கள். பெரிய மாமாவுக்கு எழுபத்தி நாலு வயது, இன்னும் அவர்தான் பால் பீச்சுகிறார். வாத்தியார் ரிட்டயர் ஆகி ஒன்பது வருடம். ட்ரோன் தம்பி இன்ஜினியரிங் முடித்து, கோயம்புத்தூரில் இரண்டு வருடம் வேலை பார்த்து, திரும்பி வந்து இப்போது ஊர் ஊராகப் போய் மருந்தடித்துக் கொடுக்கிறான். அப்புறம் வடக்குத் தோட்டத்து மச்சான். அப்புறம் நான். பேச்சு எப்போதும் சோற்றில்தான் தொடங்கும். "இன்னைக்கு ஊட்ல என்ன?" என்று ஒருவர் கேட்டால் போதும்.

அரிசிம்பருப்புச் சோறு என்று எங்கள் பக்கம் ஒன்று உண்டு. அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து, ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது. காட்டு வேலை இருக்கிற நாளில் அரை மணி நேரத்தில் ஆகிற சோறு. சாப்பிடும்போது சூட்டோடு நெய் ஊற்றிக்கொள்ள வேண்டும், பாதிக்கு மேல் தயிர். இதில் தக்காளி போடலாமா கூடாதா என்பது எங்கள் மேடையில் பல வருடமாக நடக்கிற வழக்கு. மாமா கட்சி, கூடவே கூடாது. "தக்காளி போட்டா அது சாம்பார் சாதம். அதுக்கு டவுன்ல ஓட்டல் இருக்குது." மச்சான் கட்சி, ஒரே ஒரு தக்காளி, அதுவும் நாட்டுத் தக்காளி, போட்டால் தப்பில்லை. இரண்டு பேரும் இதற்காக ஒரு முறை மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். நான் மாமா கட்சிதான். என் வீட்டில் தக்காளி போடுகிறார்கள் என்பது மாமாவுக்குத் தெரியாது.

ட்ரோன் தம்பி ஒரு நாள் ஈரோட்டுக்குப் போய்விட்டு வந்தான். என்னடா சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, "மந்தி சாப்ட்டனுங் தாத்தா" என்றான். மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். "கொரங்கையா தின்னே?" அரபு நாட்டுப் பிரியாணி மாதிரி ஒன்று, ஆட்டுக்கறியும் சோறும், பெரிய தாம்பாளத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது என்று அவன் விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "நாலு பேரு ஒரே வட்டல்ல திங்கறாங்கன்னா நல்ல சோறாத்தான் இருக்கும். பேரைத்தான் மாத்தச் சொல்லு."

கம்மஞ்சோறு பேச்சு வந்தால் மட்டும் மாமா கொஞ்சம் அடங்கிப்போவார். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததே, அந்த வருடம் பட்டணத்துச் சொந்தங்கள் யார் வந்தாலும் கம்பு இருக்கிறதா, ராகி இருக்கிறதா என்று கேட்டார்கள். நாங்கள் கம்பு விதைத்துப் பல வருடம் ஆகிவிட்டது, வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் கடலையும்தான். மாமா சின்ன வயதில் தினமும் கம்மஞ்சோறுதான் தின்றவர். நெல்லுச்சோறு என்பது நோம்பிக்கும், ஒறம்பரை வந்தால் மட்டும். "ஆராச்சு ஒறம்பரை வரமாட்டாங்களான்னு வழியப் பாத்துட்டு ஒக்காந்திருப்பேன்" என்பார். அவர் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உரலில் கம்பு குத்துகிற சத்தத்தில்தான் அவருக்கு முழிப்பு வருமாம். கம்மஞ்சோற்றில் தயிரைக் கரைத்து, மோர் மிளகாய் கடித்துக்கொண்டு குடிப்பதைப் பற்றி நாங்கள் நாக்கில் எச்சில் ஊறப் பேசுகிறபோது அவர் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். எங்களுக்கு அது ருசி. அவருக்கு அந்த உரல் சத்தம்.

விளையாட்டுக்கு வருகிறேன். மேடையின் ஒரு கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடு கொத்தியிருக்கிறது. யார் கொத்தியது என்று யாருக்கும் தெரியாது. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்: மொத்தம் 23 இடம், மூன்று புலி, 15 ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைத்துக்கொண்டே வரவேண்டும். 15-ம் வைத்து முடிக்கிற வரைக்கும் எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி அதற்குள்ளேயே ஓடும், தாண்டித் தாண்டி ஆட்டை வெட்டும். மூன்று புலியையும் அசைய முடியாதபடி அடைத்தால் ஆடு ஜெயித்தது. நாங்கள் புலிக்கு மூன்று கருங்கல் துண்டும், ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் வைத்து ஆடுவோம்.

புலியாக ஆடுவது சுலபம், எந்தப் பொடியனும் ஆடலாம். ஆடாக ஆடுவதில்தான் ஆளின் குணம் தெரியும். மாமா ஒரு ஆட்டைக்கூடச் சும்மா கொடுக்க மாட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொன்று நிற்கும். வாத்தியார் ஆரம்பத்திலேயே இரண்டைக் கொடுத்து ஆசை காட்டிப் புலியை ஒரு ஓரத்துக்கு இழுத்துவிடுவார். மச்சான் யோசித்து யோசித்து, ஒரு ஆட்டை வைக்க ஒரு பீடி நேரம் எடுத்துக்கொள்வான். அதற்கே எங்களிடம் திட்டு வாங்குவான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இனி சாமான்கள். புதுச் சாமான் யார் வாங்கினாலும் மேடைக்கு வந்தாக வேண்டும். நோக்கியா 1100 வந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2003-ல் வந்த போன் அது, தலையில் டார்ச் லைட் வைத்தது. எங்கள் ஊரில் அதைப் பேசுவதற்கு வாங்கியவர்களைவிட டார்ச்சுக்காக வாங்கியவர்கள் அதிகம். ராத்திரி கரண்ட் முறைக்குத் தண்ணி கட்டப் போகிறவனுக்கு ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் டார்ச் என்றிருந்தது. அந்த போன் வந்த பிறகு அதை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் மடை திருப்பினோம்.

"அந்தக் காலத்துல செல்லு கில்லு இல்லாம நிம்மதியா இருந்தோம்" என்று எழுதுகிற ஆள் நான் இல்லை. வரப்பில் கட்டுவிரியன் படுத்திருக்கும். அது ராத்திரியில் திரிகிற பாம்பு, கடித்தால் சமயத்தில் கடித்தது கூடத் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததா என்று பார்க்க அந்த வரப்பில் நடந்துபோன எவனும் செல் ஸ்டார்ட்டரைத் திட்ட மாட்டான். முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு ஏக்கருக்குப் பத்து டேங்க் மருந்தடித்து, ராத்திரியெல்லாம் கண் எரிச்சலோடு படுத்த எவனும் ட்ரோனைத் திட்ட மாட்டான். தம்பி பத்து நிமிடத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிட்டு வரப்பில் நின்று டீ குடிக்கிறான். நல்லதுதான்.

ஆனால் ஒன்று நடந்தது. செல் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன்னால், ராத்திரி முறைக்கு நாங்கள் நாலைந்து பேர் ஒரே கிணற்று மேட்டில் கூடுவோம். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. பச்சைக் கடலையைச் சுட்டுத் தின்றுகொண்டு, கயிற்றுக் கட்டிலில் சீட்டுப் போட்டு ரம்மி ஆடுவோம். தோற்றவன் மறுநாள் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். ஸ்டார்ட்டர் வந்த பிறகு அவரவர் வீட்டில் அவரவர் படுக்கையில். தலைமாட்டில் போன். கரண்ட் வந்தால் அது மணி அடிக்கும். அதுவரை முழித்திருக்கிறவன் என்ன செய்வான்?

வடக்குத் தோட்டத்து மச்சான் போனில் ரம்மி ஆட ஆரம்பித்தான். பணம் கட்டி ஆடுகிற ரம்மி.

இதை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க, பேரை மட்டும் போட்றாத" என்றான். 2024-ல் நடந்தது. முதலில் ஐம்பது ரூபாய் வைத்து முன்னூறு ஜெயித்திருக்கிறான். கிணற்று மேட்டில் எங்களையெல்லாம் ஜெயித்தவன்தானே, தனக்குத் திறமை இருக்கிறது என்று நினைத்துவிட்டான். அஞ்சு மாதத்தில் ஒன்றே முக்கால் லட்சம் போயிருக்கிறது. அதில் பாதி, போனிலேயே வாங்கிய கடன். மோட்டாருக்கு வந்த மாதிரிதான் அவனுக்கும் போன் வந்திருக்கிறது, ரெடியா இருக்குங்க சார் என்று. மோட்டார் வாங்கவில்லை, அவன் வாங்கிவிட்டான்.

இத்தனையும் நடந்த அஞ்சு மாதமும் அவன் தினமும் மேடைக்கு வந்துகொண்டுதான் இருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். எங்கள் ஊர் ஆம்பளைகள் மழை பெய்யவில்லை என்று சொல்வார்கள், மஞ்சள் விலை விழுந்துவிட்டது என்று சொல்வார்கள், கவர்மெண்டைத் திட்டுவார்கள். தான் ஏமாந்துபோனேன் என்று மட்டும் நேராகச் சொல்ல வாய் வராது.

எனக்கு முதலில் பொறி தட்டியது தீபாவளிக்கு. ஒவ்வொரு வருடமும் நாங்கள் பன்னிரண்டு வீடு சேர்ந்து கிடாய் வெட்டிக் கூறு போடுவோம். நெஞ்செலும்பு யாருக்கு என்று மச்சான் போடுகிற சண்டை ஊருக்கே தெரியும். அந்த வருடம், "எனக்குக் கூறு வேண்டாமுங்க, வவுறு சரியில்ல" என்றான். சரி, வயிறுதான் சரியில்லை என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே வயிறு. அதற்குள் ஒரு நாள் வாத்தியார் வேண்டுமென்றே, அரிசிம்பருப்பில் தக்காளி போடுகிறவனெல்லாம் மனுசனா என்று சீண்டிப் பார்த்தார். "அவங்கவங்க இஷ்டம்" என்றான் மச்சான். நாங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மாமா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆடுபுலி ஆடிக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"ஏன் மாப்ள, செல்லுல சீட்டாடறாங்களாமே. என்ற பேரன் சொன்னான். நல்ல காசு வருதாமே. எனக்கும் எப்படீன்னு சித்தெ சொல்லிக்குடேன். மாட்டை வித்த பணம் எம்பதாயிரம் சும்மாதான் கெடக்குது."

மச்சான் கையில் இருந்த புளியங்கொட்டையைக் கீழே வைத்தான். "வேண்டாமுங்க மாமா" என்றான். மாமா விடவில்லை. "அட, நாலு காசு வந்தா ஆகாதுங்குதா? நீ சொல்லிக்குடு, மீதிய நான் பாத்துக்கறேன்." "வேண்டாமுங்க மாமா, அந்தச் சனியன் வேண்டாம்" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. எல்லாம் வந்துவிட்டது. எத்தனை போனது, எங்கே கடன், ராத்திரி எத்தனை மணிக்கு, எல்லாம். ஐம்பது வயது ஆள், வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதான். மாமா பொறுமையாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு கேட்டேன். மாட்டை விற்றதெல்லாம் சுத்தப் பொய், மாடு அவர் தொழுவத்தில்தான் நிற்கிறது. "பத்து நாளா ஆட்டையெல்லாம் கண்ணை மூடிட்டு வெச்சான். ஒரு பீடி நேரம் யோசிக்கறவன், போட்டுப் போட்டு எடுத்தான். கைதான் இங்க இருக்குது, ஆளு இல்லைன்னு தெரிஞ்சுது" என்றார்.

அறிவுரை யாரும் சொல்லவில்லை. போன் அவன் வீட்டுக்காரி கைக்குப் போனது, அவனுக்குப் பட்டன் போன் வந்தது. நாங்கள் நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த வட்டிக் கடனை முதலில் அடைத்தோம். மாசியில் மஞ்சள் விற்று அவன் எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மாமாவுக்கு மட்டும் ஒரு நெஞ்செலும்புக் கூறு பாக்கி என்று மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சட்டம் என்ன செய்தது என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டு அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. 2023 நவம்பரில், ரம்மி திறமையால் ஆடுகிற ஆட்டம் என்று சொல்லி, அதைத் தடையிலிருந்து ஐகோர்ட் விலக்கிவிட்டது. 2025 பிப்ரவரியில் ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று விதி வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் பணம் கட்டுகிற ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்து பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. எல்லாம் வரவேற்க வேண்டியதுதான். மச்சான் ஆடியது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில். ரம்மியில் திறமை இருக்கிறது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், கிணற்று மேட்டில் அவனிடம் அத்தனை டீ தோற்றிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்திருக்கிறவன் மூஞ்சியைப் பார்த்து ஆடுகிற திறமை அது. போனில் மூஞ்சி இல்லை. இவன் தோற்பதைப் பார்த்து, "போதும் எந்திரி, போய்ப் படு" என்று சொல்லவும் ஆள் இல்லை.

இதைத்தான் அக்கா மகனுக்குச் சொல்ல நினைத்தேன். கஷ்டத்தைப் பேசுவதற்கென்று கூட்டம் போட்டால் எங்கள் ஊரில் ஒருத்தனும் வர மாட்டான். தக்காளிச் சண்டைக்கு வருவான். அந்தச் சண்டையில் யார் என்ன சொல்வார் என்று எங்களுக்கு மனப்பாடம், அதனால்தான் ஒருத்தன் மாற்றிச் சொன்னால் காதில் விழுகிறது. முடிவு எடுப்பதற்காகப் பேசியிருந்தால் தக்காளி வழக்கு என்றைக்கோ தீர்ந்திருக்கும். நல்லவேளை, தீரவில்லை.

எங்கள் மேடையை ரொம்ப உயர்த்திச் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகம் வருகிறது. அங்கே நடக்கிற அரசியல் பேச்சில் அரைக்காசு பிரயோஜனம் கிடையாது. வாத்தியார் போனில் வந்ததையெல்லாம் உண்மை என்று வாசித்துக் காட்டுவார், அதை மறுக்கவே எங்களுக்குப் பாதி ராத்திரி போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. காலனி ஆட்கள் அந்த மேடையில் வந்து உட்காருவதில்லை. எங்களோடு காட்டில் வேலை செய்கிறார்கள், டீக்கடையில் ஒன்றாக நின்று பேசுகிறோம், மேடை வந்ததும் நடந்து போய்விடுகிறார்கள். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, யாரும் வாங்க என்று சொன்னதும் இல்லை. எல்லா நாயமும் பேசுகிற நாங்கள் இந்த நாயத்தை இன்னும் பேசவில்லை.

பெண்களும் அங்கே இல்லை. இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி கேட்டாள்: "நீங்க பேசுனா நாயம், நாங்க பேசுனா பொறணியாக்கும்?" அதோடு விட்டிருக்கலாம். "உங்க மச்சான் சங்கதி எனக்கு ஒரு மாசம் முந்தியே தெரியுமுங்க" என்றாள். வயலில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, மச்சான் வீட்டுக்காரி காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்ததாம். "தோடு எங்கக்கா?" என்று இவள் கேட்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்புக்குப் புளி எத்தனை போடுவாய் என்று பேச்சை ஆரம்பித்து, அரை மூட்டை காய் ஆய்ந்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்கிறாள். அடகுக் கடை ரசீது வரைக்கும்.

"அப்புறம் ஏன் என்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொல்லாதீங்கன்னு அந்தக்கா சொல்லுச்சு. நீங்க போயி மேடையில சொல்லிருவீங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லியிருப்பேன்தான்.

பொங்கல் முடிந்து அக்கா மகன் கிளம்பும்போது சொன்னான், சென்னையில் அவர்கள் நண்பர்கள் ஏழு பேர் ஒரு வாட்ஸாப் குரூப் வைத்திருக்கிறார்களாம். அவர்களும் நாள் முழுக்க எந்த ஓட்டலில் பிரியாணி நல்லது, எந்த போன் வாங்கலாம், கிரிக்கெட், வீடியோ கேம் என்று இதேதான் பேசுகிறார்களாம். "அப்ப நாங்களும் வெட்டி நாயம்தானே மாமா" என்றான். ஆமாம், அதேதான், விடாமல் பேசு என்றேன். பிறகு ஒன்று கேட்டேன். ஏழு பேரில் ஒருத்தன் பத்து நாளாக வெறும் கட்டைவிரலை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியுமா? கொஞ்ச நேரம் யோசித்தான். "ஒருத்தன் அப்படித்தான் இருக்கான்" என்றான். பஸ் வந்துவிட்டது. பெருந்துறை தாண்டியதும் அந்தப் பையனுக்கு போன் போட்டானாம். ராத்திரி எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். வேலை போய் மூன்று வாரம் ஆகிறதாம், வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

நேற்று மேடையில் மாமா ஒரு புதுப் பிரச்சினையோடு வந்தார். அவர் பேத்தி யூட்யூப் பார்த்து அரிசிம்பருப்பில் பச்சைப் பட்டாணி போட்டிருக்கிறாள். "நல்லாத்தான் இருந்துச்சு, அதான் பயமா இருக்குது" என்றார். மச்சான் எழுந்து நின்றுகொண்டே பேச ஆரம்பித்தான். பட்டாணிக்கு ஒத்துக்கொள்கிறவர் ஒரே ஒரு தக்காளிக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு இன்றைக்கு நாயம் வேண்டும் என்றான். எட்டரை மணி வரைக்கும் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ட்ரோன் தம்பி என் மோட்டாருக்குப் புது ஸ்டார்ட்டர் விலை விசாரித்ததைச் சொல்ல வந்தான், யாரும் அவனைப் பேசவே விடவில்லை.